ஆயாசம் என்று ரத்னம்மா சொன்னாள்

பாப்பா,

முப்பது வயது டாக்டரை, அதுவும் ஊரார் வீட்டுப் பாப்பாக்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவளை, இன்னும் பாப்பா என்று கூப்பிடாதே என்று நீயும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாய். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கொள். அதற்குப் பிறகு நான் உன்னை எப்படிக் கூப்பிடலாம் என்பதை நீயே முடிவு செய். பால்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம் இது. ஆயா பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். யாராவது வந்தால் மறைத்துக்கொள்ள வசதியாக, எடைப் பதிவேட்டுக்கு அடியில் தாளை வைத்து எழுதுகிறேன். ஐம்பத்தைந்து வயதில் இப்படித் திருட்டுத்தனமாக எழுத வேண்டியிருக்கிறது. அப்பா சனிக்கிழமை உன் குக்கரையும் மெத்தையையும் எடுத்துக்கொண்டு சென்னைக்கு வருகிறார் அல்லவா, அவர் கையில் ஒட்டிக் கொடுத்துவிடுவேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் ஆரம்பித்தால் நீ "வார்டுல இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்" என்பாய். நல்லதாகப் போயிற்று என்று நானும் வைத்துவிடுவேன். பதினாறு வருஷமாக ஏதோ ஒரு சாக்கில் அப்படித்தான் வைத்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ குழந்தைகள் இதய வைத்தியத்துக்குப் படிக்கப் போகிறாய் என்று தெரிந்த அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பாவுக்கு அந்தக் கவலை எதுவும் கிடையாது. ஷிப்டு முடிந்து வருகிற மனுஷன், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வந்து சேருவதற்குள் நாலு பேரிடமாவது சொல்லிவிடுகிறார். "ஹார்ட்டு டாக்டருப்பா. பெரியவங்களுக்கு இல்ல, கொழந்தைங்களுக்கு. இன்னும் மூணு வருஷம் படிப்பு." கேட்பவர் ஏற்கெனவே கேட்டவராக இருந்தாலும் விடுவதில்லை. நீ கிளம்புவதற்கு முந்தின வாரம், சாப்பிடும்போது, தொடையில் ஒரு நரம்பு வழியாக மெல்லிய குழாயை விட்டு இதயம் வரைக்கும் கொண்டுபோவார்கள் என்று விளக்கினாய். பிறந்த குழந்தையின் இதயம் அதன் கைப்பிடி அளவுதான் இருக்கும் என்றும் சொன்னாய். அப்பா வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். நான் மோர் எடுத்து வருகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். மறுநாள் எடை போட வந்த கைக்குழந்தைகளின் கையை எல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னா டீச்சர், கைரேக பாக்கறீங்களா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

உன் கை நடுங்கும் என்று நான் பயப்படவில்லை. ஊசியில் நூல் கோக்கக்கூட ஆறாம் வகுப்பிலேயே உன்னைத்தான் கூப்பிடுவேன். படிப்பிலும் உன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. என் பயம் வேறு. அது என்னிடமிருந்து கிளம்பி உன்னிடம் வந்து சேருகிற பயம். போன மாதம் நம் ஊர் அரசுப் பள்ளியில் உன்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்களே, அந்தக் கூட்டத்திலிருந்து அது என்னைப் பிடித்து ஆட்டுகிறது.

நீ மைக்கைப் பிடித்துப் பிள்ளைகளிடம் பேசினாய். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. "நான் ஒன்பதாவது படிக்கும்போது இந்த ஊரில் கங்கா என்று ஒரு குழந்தை இருந்தது. ஏழு மாதம். அதற்கு மூச்சு வாங்குகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, ஒரு பால்வாடி டீச்சர். அவர் சீட்டில் எழுதியும் கொடுத்தார். அதை ஒரு டாக்டர் சரியாகப் படிக்கவில்லை. குழந்தை போய்விட்டது. எழுதினதைப் படிக்கிற ஒரு டாக்டராக நான் வர வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த டீச்சர் என் அம்மா." ஹெட்மாஸ்டர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்து நின்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன், பாப்பா. கூச்சமே இல்லாமல் எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டேன். அப்படித் திரும்பும்போதுதான், கடைசி வரிசைக்குப் பின்னால் டீ டம்ளர்த் தட்டோடு ரத்னம்மா நிற்பதைப் பார்த்தேன். கங்காவின் அம்மா. அந்தப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு அவள் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. தட்டைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு அவளும் கை தட்டினாள்.

நீ அன்று சொன்னது பொய். உனக்குத் தெரியாமல் சொன்ன பொய். அதை உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் சிங்காரப்பேட்டைக்காரி என்பது உனக்குத் தெரியும். எங்கள் பக்கம் தமிழைத் தவிர வேறு பேச்சு காதில் விழுந்ததில்லை. கல்யாணமாகிச் சூளகிரிப் பக்கம் வந்தபோது, பஸ்ஸில் ஒருத்தி தெலுங்கில் கேட்க, கண்டக்டர் கன்னடத்தில் பதில் சொல்ல, அவள் தமிழில் திட்டிவிட்டு இறங்கிப் போனாள். நான் மிரண்டு போனேன். பால்வாடி வேலைக்கு நேர்காணல் வைத்தபோது, தெலுங்கு வருமா என்று கேட்டார்கள். வரும் என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்குத் தெரிந்தது ராண்டி, போண்டி, அன்னம், நீள்ளு; வாங்க, போங்க, சோறு, தண்ணீர், அவ்வளவுதான். வேலை கிடைத்த பிறகு கற்றுக்கொண்டேன். நன்றாகவே கற்றுக்கொண்டேன் என்ற நினைப்பும் கூடவே வளர்ந்தது. தாய்மார்கள் தெலுங்கில் பேசினால் பாதியிலேயே "தெலுசு, தெலுசு" என்று, எல்லாம் தெரியும் என்கிற மாதிரி தலையாட்டுவேன். புரியாத வார்த்தையைத் திருப்பிக் கேட்பது எனக்குப் பெரிய கௌரவக் குறைச்சல். டீச்சருக்குத் தெலுங்கு தெரியாது என்று ஒருத்தி சொல்லிவிட்டால் நேர்காணலில் சொன்ன பொய் வெளியே வந்துவிடும் என்ற பயமும் இருந்தது. அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

ரத்னம்மா அப்போது ரோஜாப் பூ வளர்க்கிற பாலிஹவுஸ் கூடாரத்தில் பூ வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். மூத்தவன் மஞ்சுநாத்துக்கு எட்டு ஒன்பது வயது. அவனுக்கு அப்புறம் ரொம்ப நாள் கழித்துப் பிறந்தது கங்கா. ரத்னம்மாவுக்கு அப்போது தமிழ் பேச வராது. மாதம் ஒருதரம் எடை போடுகிற நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள். தராசில் தொங்கவிட்டால் மற்றக் குழந்தைகள் ஊரைக் கூட்டும். கங்கா அழாது. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்துக்கொண்டு சும்மா பார்க்கும். சாதுக் குழந்தை என்று நான் கொஞ்சினேன். இரண்டு மாதமாக எடை ஏறவில்லை. நீ வேலைக்குப் போய்விடுகிறாய், நேரத்துக்குப் பால் கொடுப்பதில்லை என்று அவளைத் திட்டினேன். அன்றைக்குத்தான் அவள் சொன்னாள்: "அக்கா, பாப்பகி பாலு தாகேட்டப்புடு ஆயாசம் வஸ்தாந்தி." பால் குடிக்கும்போது பாப்பாவுக்கு ஆயாசம் வருகிறது. நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. ஆயாசம் நமக்குத் தெரிந்த வார்த்தைதானே! வேலை செய்து ஆயாசமாக இருக்கிறது என்று நாம் சொல்வதில்லையா? களைப்பு. பால் குடித்தால் குழந்தைக்குக் களைப்பாக இருக்கிறது என்கிறாள், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன். அவள் ஏதோ கையை மார்பில் வைத்துக் காட்ட வந்தாள். "தெலுசம்மா, தெலுசு" என்று சொல்லிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதினேன். "எடை குறைவு. பால் குடிக்கும்போது களைப்பு. சத்துக் குறைபாடு இருக்கலாம்." கடைசி வரியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. என் மேதாவித்தனத்தில் நானாகச் சேர்த்தேன்.

சீட்டைப் பார்த்த டாக்டரம்மா சத்து மருந்து கொடுத்து அனுப்பினார். அவர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் கூடப் போகவில்லை. பார்த்திருக்க வேண்டும் என்று இத்தனை வருஷமும் மனசுக்குள் அந்த அம்மாவோடு சண்டை போட்டிருக்கிறேன். அந்தச் சண்டையில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. இனிமேல் போட மாட்டேன். வெளியே அறுபது பேர் வரிசையில் நிற்கும்போது, அவர் கையிலிருந்த ஒரே தகவல் நான் எழுதினதுதான். அதற்கு அடுத்த இரண்டு மாதமும் நான் ரத்னம்மாவுக்குச் சத்துமாவு பாக்கெட்டைக் கூடுதலாக அள்ளிக் கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு.

மூன்றாவது மாதம் காய்ச்சலும் இருமலுமாகக் குழந்தையைக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனார்கள். மொழி தெரியாத இடம், கூட வாங்க அக்கா என்று ரத்னம்மாவின் வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டார். பேசுவதற்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார், பாப்பா. காலை பத்து மணி இருக்கும். ஒரு இளம் டாக்டர் குழந்தையைப் பார்த்ததுமே முகம் மாறி, "எத்தன நாளா இப்டி மூச்சு வாங்குது?" என்று கேட்டார். "மூச்சு வாங்கல சார், பால் குடிச்சா களைப்பாகுதுன்னு சொல்றாங்க, அவ்ளோதான்" என்று நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். ரத்னம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஆயாசம் சார், ஆயாசம்" என்று சொல்லி, வாயைத் திறந்து, தோள் ஏறி இறங்க, விலா உள்ளே போகப் போக, அந்தக் குழந்தை மாதிரியே மூச்சு விட்டுக் காட்டினாள். டாக்டர் என்னைத் தனியாக இரண்டடி தள்ளி நிற்க வைத்து, மெதுவாகத் தமிழில் சொன்னார். "எங்க வீட்ல தெலுங்குதாம்மா பேசுவோம். தெலுங்குல ஆயாசம்னா மூச்சுத் திணறல். இவங்க களைப்புன்னு சொல்லவேயில்ல."

அங்கிருந்து பெங்களூருக்கு அனுப்பினார்கள். இதயத்தில் பெரிய ஓட்டை என்று அங்கே சொன்னார்கள். முன்பே வந்திருந்தால் ஆபரேஷனுக்கு வழி இருந்திருக்கும், இப்போது நுரையீரலில் சளி கட்டிவிட்டது, குழந்தை தாங்காது என்றார்கள். ஒன்பது நாள் இருந்தது. நீ பள்ளிக்கூடத்திலிருந்து பையோடு வந்து, "கங்கா ஏம்மா செத்துப்போச்சு?" என்று கேட்டாய். நீ அதைத் தூக்கி விளையாடியிருக்கிறாய். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாயில் வந்தது அதுதான். "நான் அப்பவே மூச்சு வாங்குதுன்னு எழுதிக் குடுத்தேன் கண்ணு. அந்த டாக்டரு படிக்கவேயில்ல." யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு திருத்துவதற்கு எனக்குப் பதினாறு வருஷம் இருந்தது. நீயோ தெலுங்குப் பிள்ளைகளோடு ஆடிப் பாடி அந்தப் பேச்சைத் தண்ணீர் மாதிரி பேசினவள். சீட்டு எழுதின அன்று சாயங்காலம், ஆயாசம் என்றால் என்ன என்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பதினாலு வயசுப் பிள்ளையிடம் போய்க் கேட்பதா என்று கௌரவம் பார்த்து இருந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. தெரிந்த வார்த்தையை யார் கேட்பார்கள்?

அப்புறம் நீ டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்றாய். படித்தாய். ஒவ்வொரு முறை நீ அந்தக் கதையைச் சொல்லும்போதும் அது கொஞ்சம் நீண்டது, நானும் அதில் கொஞ்சம் உயர்ந்தேன். எனக்கும் சில நாள் அதுதான் உண்மை என்று தோன்றிவிடும். மற்ற நாள்களில், எடைப் பதிவேட்டில் அந்த வருஷத்துப் பக்கம் கண்ணில் பட்டுவிடுமோ என்று அலமாரியையே திறக்க மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ சேலத்தில் பயிற்சி டாக்டராக இருந்தபோது ஒரு மத்தியானம் போன் செய்தாய். மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றாய். உன் வார்டில் ஒரு குழந்தை போய்விட்டது. "அம்மா, நான் காலையில பாத்தப்ப..." என்று ஆரம்பித்தாய். நான் உன்னை முடிக்க விடவில்லை. "உன் தப்பு ஒண்ணும் இல்ல கண்ணு, உன் தப்பு இல்ல, அழாத" என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன். நீ "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. காலையில் பார்த்தபோது என்ன, பாப்பா? நீ எதையோ சொல்ல வந்தாய். உன் தப்பாகவே இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதை வாய்விட்டுச் சொல்ல நீ தேடி வந்த ஆள் நான். என் வாயைத் திறந்தால் என்னுடையதும் சேர்ந்து வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் உன் வாயை அடைத்துவிட்டேன்.

இப்போது புரிகிறதா எனக்கு எதற்குப் பயம் என்று? நீ போகிற இடத்தில் தப்பு நடக்கும். எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு கைப்பிடி அளவு இதயத்தில் நடக்கும். அன்றைக்கு வெளியே பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாள். உனக்கு நான் கற்றுக் கொடுத்தது என்ன? முந்திக்கொண்டு பேசுவது, அடுத்தவர் மேல் தள்ளுவது, பிறகு கும்பிடு போடுவது. உன் அப்பாவிடம் நேற்று முன்தினம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கேட்டுவிட்டு எழுந்து போய், சுத்தமாக இருந்த வண்டியை அரை மணி நேரம் கழுவினார். வந்து, "எங்க கம்பெனில தப்புப் பீஸ் ஒண்ணு போயிடுச்சின்னா லைனையே நிறுத்திடுவாங்க. யாரு பண்ணது, எப்டி ஆச்சுன்னு அங்கியே நின்னு பேசி முடிச்சாதான் மறுபடி ஓடும். நீ பதினாறு வருஷமா ஓட்டிக்கினே இருக்கியே" என்றார். பிறகு, "மொதல்ல அந்தப் பொம்பளகிட்ட போயி சொல்லு. அப்பறம் பாப்பாவுக்கு எழுது" என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் சொல்லி நான் மறுபேச்சுப் பேசாமல் கேட்டது இது ஒன்றுதான்.

நேற்றுச் சாயங்காலம் போனேன். பாதி வழியில் திரும்பிவிட்டு, மறுபடியும் நடந்தேன். ரத்னம்மா வாசலில் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து ஆய்ந்துகொண்டிருந்தாள். மஞ்சுநாத் வேலைக்குப் போயிருந்தான். போன வருஷம் அவன் கல்யாணத்துக்கு நீயும் வந்திருந்தாயே, அந்த மருமகள் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. டீ வெக்கட்டா?"

"வேணாம் ரத்னா. கங்காவப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

அவள் கை நின்றது. சொன்னேன். ஆயாசம், களைப்பு, சீட்டு, உன்னிடம் சொன்ன பொய், மேடை, கும்பிடு, எல்லாம். பதினாறு வருஷம் சுமந்ததைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் என்னைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தெரியும்க்கா" என்றாள்.

"என்னா தெரியும்?"

"கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரில அந்த டாக்டரு உங்களத் தள்ளிக் கூட்டிக்கினு போயி சொன்னாரே. அப்பவே தெரியும். அப்ப எனக்குத் தமிழு பேசத்தான் வராது. காதுல உழுந்தா புரியாதா?"

எனக்கு உட்கார இடம் வேண்டியிருந்தது. அவள் முறத்தை நகர்த்தி இடம் விட்டாள். "அப்பறம் ஏன் நீ ஒரு வார்த்த கேக்கல?" என்றேன்.

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். காரியத்துக்கு வந்தீங்க, சொல்லல. அதுக்கப்பறம் சின்னவன் பொறந்து எட போட தூக்கிக்கினு வந்தேன், அப்பவும் சொல்லல. சரின்னு உட்டுட்டேன்."

"சின்னவன எப்டி எங்கிட்டயே கூட்டிக்கினு வந்த ரத்னா?"

"வேற எங்கக்கா போறது? ஊருக்கே ஒரு பால்வாடிதான். அதுக்காவதான் தமிழு கத்துக்கினேன். அவனுக்கு ஒரு தும்மலு வந்தாக்கூட வீட்லயே நாலு தரம் தமிழ்ல சொல்லிப் பாத்துட்டுதான் உங்ககிட்ட வருவேன்."

அவளுக்குத் தமிழ் கற்றுக் கொடுத்தது நான்தான் என்று நான் ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன், பாப்பா. நீயே கேட்டிருப்பாய். "மன்னிச்சிடு" என்று சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெரியாது என்பதைத் தெரியாது என்று சொன்னாள். பள்ளிக்கூடத்தில் நீயும் கை தட்டினாயே என்று கேட்டேன். "உங்களுக்கா தட்டுனேன்? உங்க பொண்ணுக்குத் தட்டுனேன். அது மைக்குல கங்கான்னு பேரு சொல்லுச்சு. எங்க வீட்லயே அந்தப் பேர யாரும் சொல்றதில்ல" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. அவள் முன்னால் நான் அழுவது சரியில்லை என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

எழுந்தபோது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு உட்பக்கம் கையைக் காட்டினாள். மருமகளுக்கு ஐந்தாம் மாதம். வழக்கமான ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஆனால் வீட்டில் இப்படி ஒரு குழந்தை போயிருக்கிறது என்று அங்கே யாரிடமும் இவர்கள் சொல்லவில்லை. மருமகளுக்கே தெரியாது. சொல்ல வேண்டுமா, சொன்னால் அந்தப் பெண் பயந்துவிடுமா, வயிற்றிலிருக்கும்போதே இதயத்தைத் தனியாகப் பார்க்க முடியும் என்கிறார்களே, நிஜமா? ஒரு மாதமாக இதை மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாள். "நான் இன்னிக்கே பாப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன் ரத்னா" என்று வழக்கம்போல முந்திக்கொண்டேன்.

"வேணாம்க்கா" என்றாள். "நீங்க நடுவுல வேணாம். நம்பரு மட்டும் குடுங்க. நானே பேசிக்கறேன்."

கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்ததற்கு வேண்டுமானால் திட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், அதற்குள் அப்பா இதை உன்னிடம் சேர்த்துவிடுவார். இதைப் படித்துவிட்டு நீ அழுவாயோ, என்மேல் ஆத்திரப்படுவாயோ, இந்தப் படிப்பே வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ, எனக்குத் தெரியவில்லை. நீ நின்ற இடத்தையே நான் தோண்டிவிட்டேன் என்று தெரியும். எழுதாமல் இருந்திருந்தால் நீ நிம்மதியாகப் படித்திருப்பாய் என்றும் இப்போது ஒரு பயம் வருகிறது. தூங்கின பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்திருக்கின்றன, என் கை வேறு வேகமாக ஓடுகிறது. என்னோடு எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. நான் கேட்க மாட்டேன். என்றைக்காவது அந்த மாடிப்படியில் நீ சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் கூப்பிடு. இந்த முறை நடுவில் பேச மாட்டேன்.

ரத்னம்மாவை மட்டும் காக்க வைக்காதே. எந்த வார்டில் இருந்தாலும் வெளியே வந்து பேசு. அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேள். அவளிடம் நல்லவளாகக் காட்டிக்கொள்ள உனக்கு எந்த வேலையும் இல்லை, என்னைப் பற்றி அவளிடம் சமாதானம் சொல்லவும் வேண்டாம். நான் அவள் குழந்தைக்குச் செய்தது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நீ யாருடைய மகள் என்று தெரிந்துதான் தன் பேரப்பிள்ளைக்காக உன்னைக் கூப்பிடுகிறாள். போனை எடு, கண்ணு.

அம்மா